கயிறு மாறும் முன்: காயல் குதிரை முதல் பழைய கார் வரை

புதிய கார் வாங்குவதா, பழைய கார் வாங்குவதா என்னும் கேள்வி இப்போது மதரஸா வாசல் வரை வந்துவிட்டது. பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் தந்தையர் பலர், "ஹஸ்ரத், புதுசுக்குப் போனா பேங்க் வட்டி. பழசுக்குப் போனா உள்ளே என்ன இருக்குன்னு தெரியலை. எதுங்க மேல்?" என்று கேட்கின்றனர். மைலேஜும் விலையும் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டியதை நம்மிடம் ஏன் கேட்கிறார்கள் என்று முதலில் வியந்தோம். பிறகு புரிந்தது. அவர்களை வருத்துபவை இரண்டு அச்சங்கள்: வட்டியின் அச்சம் ஒன்று, ஏமாற்றத்தின் அச்சம் மற்றொன்று. ஒன்றிலிருந்து தப்ப மற்றொன்றில் விழ வேண்டுமோ என்பதே அவர்கள் கேட்பது.

இந்த நெருக்கடி மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. வாகனம் என்றால் உயிருள்ள பிராணியாக இருந்த காலத்திலேயே இது இருந்தது. அதைக் காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் தென்கரையிலேயே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில், உலகின் பெரிய வாகனச் சந்தைகளுள் ஒன்று ஒரு காலத்தில் இருந்தது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டின் காயல் துறைக்கு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகள் வந்து இறங்கின. பழையகாயலும் காயல்பட்டினமும் இன்று அந்த நினைவைப் பகிர்ந்துகொள்கின்றன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இந்த வணிகத்தை விரிவாக எழுதியுள்ளார். கீஷ் தீவின் அதிபராயிருந்த மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்புவதாகப் பாண்டியனோடு ஒப்பந்தம் செய்திருந்தார். அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் இங்கே பாண்டிய அரசவையில் அமைச்சராக வீற்றிருந்தார். பிற துறைகளிலிருந்தும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்ததாகவும், ஒவ்வொன்றின் விலையும் 220 பொன் தீனார் எனவும் அவர் கணக்கிடுகிறார். மொத்தம் 22 இலட்சம் தீனார். இந்த எண்களில் சற்று மிகை இருக்கலாம். அரசவை வரலாற்றாசிரியர்களின் எண்கள் பெரும்பாலும் அப்படியே. ஆயினும் வணிகத்தின் அளவு ஐயத்துக்கு இடமில்லாதது.

நம் ஊர் விழா மலர்களில் இந்தச் செய்தி பெருமையோடு எடுத்தாளப்படுகிறது. பெருமைக்குரியதுதான். ஆனால் அதே பக்கத்தில் வஸ்ஸாஃப் எழுதியுள்ள இன்னொரு செய்தியை நாம் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. கடற்பயணத்தில் குதிரை காயமுற்றாலும் இறந்துபோனாலும் அதன் விலையைப் பாண்டியனின் கருவூலமே கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் ஒரு விதி. அதாவது வாங்குபவர் கண்ணால் காணாத, கையில் பெறாத பிராணியின் இழப்பையும் அவரே சுமக்க வேண்டும். மதரஸாவில் நாம் சொல்லித்தரும் பாடம் இதற்கு நேர்மாறானது. விற்ற பொருள் வாங்கியவர் கைக்குச் சேரும் முன் அழிந்தால் இழப்பு விற்றவரையே சாரும் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் இரண்டும் ஒன்றுபடுகின்றன. காயல் ஒப்பந்தத்தின் முழு வாசகம் நம் கையில் இல்லாததால் தீர்ப்புச் சொல்ல நாம் துணியவில்லை. எனினும் வஸ்ஸாஃப் சொல்லும் வடிவில் அது நம் ஃபிக்ஹு நூல்களோடு பொருந்தவில்லை என்பதை மறைக்கவும் வேண்டியதில்லை.

அதே காலத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ சொல்வது இன்னும் கூர்மையானது. இங்குள்ள அரசர் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார். அவர் சகோதரர்களும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட மிஞ்சுவதில்லை என்கிறார். காரணம், லாடம் அடித்து வைத்தியமும் பார்க்கும் ஆட்கள் இங்கே இல்லை. குதிரை வணிகர்கள் அத்தகையவர்களைத் தம்மோடு அழைத்து வருவதில்லை. தாமாக வர முனைபவர்களையும் தடுத்துவிடுகின்றனர் என்று அவர் எழுதுகிறார். குதிரைகள் இறந்தால்தானே மறு ஆண்டும் விற்பனை நடக்கும்! போலோ கேட்டறிந்த செய்தியை அப்படியே எழுதியிருக்கலாம். அதை முற்றிலும் உண்மை என்றோ முற்றிலும் அவதூறு என்றோ நாம் கொள்ளவில்லை. வஸ்ஸாஃபோ வணிகர்களைக் குறை சொல்லாமல், பராமரிப்பின் அறியாமையையே சொல்கிறார். பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்து, நாற்பது நாள் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்து, பழக்காமலேயே ஏறி ஓட்டுகிறார்களாம். மிக விரைந்த குதிரையும் சில காலத்தில் பயனற்றுப் போகிறது.

புதியதை மட்டுமே வாங்கிய அரசருக்கு நேர்ந்தது இது. வாகனம் புதிதாக இருந்தது. பொன் அள்ளிக் கொடுக்கப்பட்டது. அதை அறிந்து உண்மை சொல்லும் ஒருவர் மட்டும் அருகில் இல்லை.

அக்காலக் குதிரைச் சந்தையின் வழக்கம் ஒன்று மதுரைத் திருவிளையாடல் கதைகளிலும் பதிந்துள்ளது. நரிகள் குதிரைகளாகிப் பாண்டியனிடம் வந்து, இரவில் மீண்டும் நரிகளாகும் கதை அது. பிற சமயத்தாரின் நம்பிக்கை சார்ந்த அக்கதையின் உட்பொருளுக்குள் நாம் செல்லவில்லை. அதில் வரும் 'கயிறு மாறுதல்' என்ற வழக்கமே நமக்கு வேண்டியது. குதிரையின் கயிறு விற்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்கு மாறிவிட்டால், அதன்பின் என்ன நேர்ந்தாலும் விற்றவரைக் கேட்கக் கூடாது. இன்று பழைய கார் விற்கும் இடங்களில் "இருக்கிற நிலையில் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு வந்து நிற்கக் கூடாது" என்கிறார்களே, அதுதான் இது. கயிற்றுக்குப் பதில் சாவி மாறுகிறது.

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் நிறையவே வாதிட்டுள்ளனர். அவ்வாதத்தின் வேர் மதீனாவில் உள்ளது.

மதீனாவின் சந்தையில் பழைய வாகனம் வாங்குவது இழிவாகக் கருதப்படவில்லை. ஹிஜ்ரத்துக்காக அபூபக்ர் (ரலி) நான்கு மாதங்கள் தீனியிட்டு வளர்த்த ஒட்டகங்களுள் ஒன்றைத் தர முன்வந்தபோது, விலைக்கென்றால்தான் ஏற்பேன் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஜாபிர் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் விலை பேசியதோ, தண்ணீர் சுமந்து ஓய்ந்துபோன, படையின் பின்னால் தள்ளாடி வந்த ஓர் ஒட்டகம். ஓர் உகிய்யாவுக்கு விலை முடிந்தது. ஊர் சேரும் வரை அதில் ஏறி வர ஜாபிர் நிபந்தனை கேட்டார்; அதுவும் ஏற்கப்பட்டது. மதீனா வந்ததும் பிலால் (ரலி) விலையை நிறுத்து, சற்றுக் கூட்டியே கொடுத்தார். பிறகு நபியவர்கள் ஒட்டகத்தையும் ஜாபிரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்நிகழ்ச்சியைப் பெரும்பாலும் வள்ளன்மைக்குச் சான்றாகவே மேடைகளில் கேட்கிறோம். அந்த ஒட்டகத்தின் தளர்ச்சி இருவருக்கும் தெரிந்திருந்தது, எதுவும் மறைக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

மறைப்பு நடந்த இடங்களில் நபியவர்களின் சொல் கடுமையாக இருந்தது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். பால் மிகுதியாகத் தெரிவதற்காக மடியைக் கட்டிவைத்து விற்பதைத் தடுத்தார்கள்; அப்படி வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமையும் கொடுத்தார்கள். மடியைக் கட்டுவதற்கும் கார் மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைக் குறைத்து வைப்பதற்கும் என்ன வேறுபாடு இருக்கிறது? ஒன்று கயிற்றால் செய்யப்பட்டது. மற்றது மடிக்கணினியால் செய்யப்படுகிறது.

இனி, "இருக்கிற நிலையில்" என்ற வாக்கியத்துக்கு வருவோம். இப்னு உமர் (ரலி) அவர்கள், அக்கால வழக்கப்படி, தம் அடிமை ஒருவரைக் குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர், நோய் இருந்ததைச் சொல்லவில்லை என்று கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். விற்கும்போது அந்த நோய் தமக்குத் தெரியாது என்று இப்னு உமர் சத்தியம் செய்ய வேண்டும் என உஸ்மான் தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் சத்தியம் செய்ய விரும்பாமல், விற்றவரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிறகு நோய் நீங்கி 1,500 திர்ஹத்துக்கு விலைபோனார் என்றும் முவத்தா தெரிவிக்கிறது. பொறுப்பில்லை என்று வாயால் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, தெரிந்திருந்ததா என்ற கேள்வி அதன்பின்னும் நிற்கும் என்பது இத்தீர்ப்பிலிருந்து விளங்குகிறது.

இதன்பின் மத்ஹபுகள் பிரிகின்றன. எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பில்லை என்று பேசி விற்றால் அந்நிபந்தனை செல்லும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து இறுக்கமானது. அதன்படி, விற்பவர் அறியாத, பிராணியின் உடலுக்குள் மறைந்திருந்த குறைக்கு மட்டுமே அந்த நிபந்தனை காப்பாகும், வேறெதற்கும் ஆகாது. இமாம் நவவி தம் மின்ஹாஜில் இவ்வாறே பதிந்துள்ளார்கள். பிராணிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? நலமாயிருந்தாலும் நோயுற்றிருந்தாலும் அது உண்டுகொண்டேயிருக்கும், அதன் உடல் மாறிக்கொண்டேயிருக்கும், மறைந்த குறையில்லாத பிராணி அரிது என்பதே இமாம் ஷாஃபிஈ சொன்ன காரணம்.

கார் பிராணியா, பொருளா? சிரிப்பூட்டும் கேள்விதான். ஆனால் காயலிலும் கீழக்கரையிலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் சகோதரர்களுக்கு இதன் விடை பணத்தைத் தொடுகிறது. கார் பொருள்தான். ஆகவே மேற்சொன்ன கருத்தின்படி, "இருக்கிற நிலையில்" என்ற சொல் விற்பவரை அறியாத குறையிலிருந்துகூட விடுவிக்காது என்றே நமக்குப் படுகிறது. எஞ்சின் என்பது உள்ளே என்ன நிகழ்கிறது என்று வெளியே தெரியாத ஒன்றாதலால் பிராணியோடு ஒப்பிடலாம் என்று வாதிடுவோரும் இருக்கலாம். பெரிய ஆலிம்கள் முடிவு சொல்லட்டும். எப்படியாயினும், தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஜார்ஜ் அகர்லோஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் பழைய கார் சந்தையை வைத்தே புகழ்பெற்ற கட்டுரையொன்றை எழுதினார். 2001இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லா வண்டிக்கும் குறைத்தே விலை சொல்வார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையை விட்டு விலகுவார். மிஞ்சுவது மோசமான வண்டிகள். அன்றே நாம் சொன்னோம் என்று மார்தட்ட இதைக் கூறவில்லை; ஒருவர் சொல்லும் பொய் சந்தையில் உள்ள எல்லோருடைய பொருளின் விலையையும் அரிக்கிறது என்பதை அவர் கணக்கோடு காட்டினார். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் வியாபாரத்தில் பரகத் உண்டாகும், மறைத்துப் பொய்யுரைத்தால் அது அழிக்கப்படும் என்ற நபிமொழியைப் பாடம் நடத்தும்போது இக்கட்டுரை நினைவுக்கு வருவதுண்டு.

வாய்மையை மனிதர்களின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், சந்தைக்கு ஒரு கண்காணிப்பும் முன்னோர்கள் வைத்தனர். சந்தைகளை மேற்பார்வையிட்ட முஹ்தஸிபுகளுக்காக 12ஆம் நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த ஷைஸரி ஒரு கையேடு எழுதினார். அதில் கால்நடைத் தரகர்களுக்கான விதி நமக்கு மிகவும் பழக்கமானதாகத் தோன்றும். விற்பவர் யாரென்று அறியாமல், அல்லது அவரை அறிந்தவர் ஒருவர் வந்து சொல்லாமல், தரகர் எந்தப் பிராணியையும் விற்கக் கூடாது; விற்பவரின் பெயரைத் தம் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும். பிராணி திருடியதாகவோ குறையுள்ளதாகவோ இருந்துவிடக் கூடாது என்பதே காரணம். லாடம் அடித்து வைத்தியம் பார்க்கும் பைத்தாருக்கும் தனி இயல் உண்டு. பிராணிகளின் நோய்களை அவர் நன்கறிந்திருக்க வேண்டும். வாங்கியவரும் விற்றவரும் குறையைப் பற்றிச் சச்சரவிட்டால் மக்கள் அவரிடமே செல்வர். காயலில் இல்லாமற்போன அதே பைத்தார்!

மோட்டார் காலத்தில் நம் நாட்டின் நிலை சிறிது காலம் விசித்திரமாக இருந்தது. உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதிய கார் என்றால் கல்கத்தா பக்கத்து அம்பாஸிடர், பம்பாயின் ஃபியட், நம் வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றோடு ஏறத்தாழ முடிந்துவிடும். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர் பழைய வண்டியைத் தேடினார். ஒரே மாதிரியான வண்டிகள் பல்லாண்டு ஓடியதால் ஊருக்கு ஊர் இருந்த மெக்கானிக்குகள் அவற்றின் ஒவ்வொரு திருகாணியையும் அறிந்திருந்தனர். 1983இல் மாருதி வந்தது. 1993இல் கார் உற்பத்திக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. சில ஆண்டுகளில் இருங்காட்டுக்கோட்டையும் மறைமலைநகரும் கார் ஊர்களாயின. காத்திருப்பு போனது. அந்த இடத்தில் வங்கிக் கடன் வந்து அமர்ந்தது. இன்று ஷோரூமுக்குள் நுழைந்தால் வண்டியின் நிறத்தைக் கேட்கும் முன்பே மாதத் தவணை எவ்வளவு முடியும் என்று கேட்கிறார்கள்.

வட்டியின் விலக்கை அறிந்த குடும்பத்துக்கு இங்கேதான் மூச்சு முட்டுகிறது. நிறுவனமே வண்டியை வாங்கித் தன் உடைமையாக்கி, பிறகு அறிவித்த இலாபத்தோடு தவணையில் விற்கும் முராபஹா முறை நம் ஊர்களில் எளிதில் கிடைப்பதில்லை. முழுத் தொகை கையில் உள்ளவருக்குப் புதிய வண்டியில் தடையேதுமில்லை, வாங்கி அனுபவிக்கட்டும். அது இல்லாதவருக்கு வட்டியற்ற வழியாக எஞ்சியிருப்பது சேமித்த பணத்தில் வாங்கும் பழைய வண்டி. நம்மிடம் கேட்பவர்களுக்கு நாமும் அதையே சொல்கிறோம். அந்த வழி திறந்திருப்பதும் அடைபட்டிருப்பதும் வாங்குபவர் கையில் மட்டும் இல்லை. பழைய வண்டியை விற்கும் முஸ்லிம் ஒருவர் குறையை மறைக்கும்போது, தம் வாடிக்கையாளர் ஒருவரோடு கணக்கு முடியவில்லை. அந்த அனுபவத்தைக் கேள்விப்படும் இன்னும் நால்வரை அவர் வட்டிக் கடன் மேசைக்கு அனுப்பி வைக்கிறார்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை பொழிந்தது. தென் மாவட்டங்களில் எத்தனையோ வாகனங்கள் நீரில் மூழ்கின. 2015இல் சென்னையிலும் இதைக் கண்டோம். இத்தகைய வண்டிகளைக் கழுவி, இருக்கை உறைகளை மாற்றி, நறுமணம் தெளித்து, வேறு மாவட்டத்தில் விற்றுவிட முடியும். மின்கம்பிகளுக்குள் புகுந்த ஈரம் சில மாதங்கள் கழித்தே தன்னைக் காட்டும். அன்று குதிரைகள் இறங்கிய கரையில் மூழ்கிய வண்டி, இன்று எந்த ஊர்ப் பள்ளிவாசல் முன்னால் நிற்கிறதோ!

அரசும் தாமதமாக ஷைஸரியின் ஏட்டுக்கு வந்து சேர்ந்துள்ளது. பழைய வாகனங்களை வாங்கி விற்கும் முகவர்கள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், தம்மிடம் வரும் வண்டிகளை முறைப்படி தெரிவிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் விதி வந்தது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் விடுவதும் நம்மவரிடையே சாதாரணமாகிவிட்டது. விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவில் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. கயிறு மாறியது என்று நினைத்திருப்பார். கயிறு அவர் கழுத்திலேயே இருக்கும்.

பைத்தாரைப் பற்றிச் சொல்ல ஒன்று மீதமிருக்கிறது. ஒருவர் 300 திர்ஹத்துக்கு ஓர் ஒட்டகத்தை வாங்கிக்கொண்டு போனார். அங்கிருந்த வாஸிலா (ரலி) அவரைப் பின்தொடர்ந்து சென்று, இறைச்சிக்கா, பயணத்துக்கா என்று கேட்டார்கள். பயணத்துக்கு என்றதும், அதன் குளம்பில் துளை இருப்பதைச் சொன்னார்கள். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் 100 திர்ஹம் குறைக்க வேண்டியதாயிற்று. வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் கடிந்தார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் வாக்களித்துள்ளோம் என்றும், குறையை அறிந்தவர் சொல்லாமலிருப்பது ஆகாது என்றும் வாஸிலா பதிலுரைத்தார்கள். கஸ்ஸாலி இமாம் இதை எடுத்துரைக்கிறார்கள். விற்பவரும் அல்லர், வாங்குபவரும் அல்லர். குறையைக் கண்ட மூன்றாமவர் அவர். அந்த இடத்தில் இன்று நம் ஊர் மெக்கானிக் நிற்கிறார். நம் பிள்ளைகள் பலர் அத்தொழிலில் இருக்கின்றனர். இரு பக்கமும் கமிஷன் வாங்கும் பழக்கமும் அவர்களிடையே பரவியிருக்கிறது. பழைய வண்டி பார்க்கச் செல்பவர் மெக்கானிக்கைத் தாமே அழைத்துச் செல்லட்டும், அவர் கூலியைத் தாமே கொடுக்கட்டும். வண்டி வேண்டாம் என்று அவர் சொன்னாலும் அந்தக் கூலியில் ஒரு ரூபாயும் குறைக்க வேண்டாம்.